முட்டு என்ற சொல்லும் அப்பாவும்

ஸ்காபரோ

அன்புள்ள மகள் கௌசிக்கு,

நானும் அப்பாவும் சுகம். உன் சுகத்தைக் கேட்பதற்கு முன் உன் இடது தோளின் சுகத்தைக் கேட்கிறேன். நீ அனுப்பிய வீடியோவில் எதிரே குதிரையில் வந்தவனின் ஈட்டி அந்தத் தோளில் பட்டு உடைந்தும் நீ அசையாமல் இருந்தாயே, அம்மாளாச்சி, என்ரை பிள்ளையோ உது என்று வாயில் கை வைத்துவிட்டேன்.

அப்பாவின் கதையைச் சொல்லத்தான் எழுதுகிறேன். வங்கி வேலையை விட்டு அல்பேர்ட்டாவுக்குக் குதிரைகளோடு போய்விட்டாய் என்று இரண்டு வருடமாக உன்னோடு பேசாத மனுசன். பஸ்ஸை ஓரிடத்திலும் முட்டாமல் ஓட்டி ஓய்வு பெற்றவருக்கு, மகள் முட்டுவதையே தொழிலாக எடுத்தது பொறுக்கவில்லை. போன ஞாயிறு கலியாண வீட்டில் தில்லையம்பலம் அண்ணை, பிள்ளை இப்ப என்ன செய்யிறா என்று கேட்டார். ஏதோ ஒபிஸ் வேலை என்று மழுப்ப நான் வாய் திறப்பதற்குள் அப்பா, அவள் ஜவுஸ்ட் செய்யிறாள், இரும்புச் சட்டை போட்டுக் குதிரையில பாய்ஞ்சு போய் ஈட்டியால முட்டுறவள் என்றார். சோற்றில் வைத்த கையோடு எல்லாரும் அவரையே பார்த்தார்கள். அது என்ன சொல் எண்டு அண்ணை கேட்டதுதான் தாமதம், அப்பா தொடங்கிவிட்டார். பழைய பிரெஞ்சுச் சொல்லாம், அதற்கும் முந்தி லத்தீனில் ‘கிட்ட’ என்ற சொல்லில் இருந்து வந்ததாம், முதலில் கிட்ட வருவதுதான் அர்த்தமாம், பிறகுதான் மோதுவதாம். எங்கட முட்டும் அப்பிடித்தானே, அடுப்பில முட்டாதை எண்டால் தொடாதை, பஸ் முட்டிப்போட்டுது எண்டால் இடிச்சுப்போட்டுது, அவங்களும் எங்களைப் போல ஒரு சொல்லுக்குள்ள ரெண்டையும் வைச்சிருந்தவங்கள் என்று பெருமை பொங்கச் சொன்னார். எப்போது இதையெல்லாம் தேடிப் படித்தார், சொல் பார்ப்போம்? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, கள்ள மனுசன். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கோடையில் உன் போட்டிக்கு வருகிறோம். பிளேன் டிக்கெட்டை அவரே போட்டுவிட்டார். கேட்டால், குதிரை பாக்கப் போறன் என்கிறார், நீ சிரித்துவிடாதே. தோளுக்கு நல்லெண்ணெய் பூசு, வேளைக்குச் சாப்பிடு, நல்லூரான் உன்னையும் அந்தக் குதிரையையும் காப்பான்.

ஒன்றை மட்டும் மறவாதே. அப்பா வேலிக்கு அப்பால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார், தானாகக் கிட்ட வரமாட்டார். நீ இரும்புத் தொப்பியைக் கழற்றிவிட்டு நேரே போய் அவரை முட்டு. எந்த முட்டு என்று அவருக்குத் தெரியும்.

உன்னை நினைத்துப் பூரிக்கும் அம்மா,
புனிதவதி இராஜரட்ணம்