பதினோரு நாள் வாய் திறக்கவில்லை

சேரப்பணஞ்சேரி
12.10.2013

அன்பு மகள் ஷாலினுக்கு அப்பா எழுதுவது. மஸ்கட்டில் நீ நோய் நொடி இல்லாமல் இருக்க ஆண்டவரை வேண்டுகிறேன், இங்கே எல்லோரும் சுகம் என்று இந்த முறை எழுத முடியவில்லை.

அம்மா கொடுத்தனுப்பிய மூட்டுவலிச் சூரணத்தைக் கொட்டிவிடு என்று போன வாரம் போனில் சொன்னேன், ஏன் என்று கேட்டாய், அம்மா பக்கத்தில் இருந்ததால் வெட்கப்பட்டுப் பேச்சை மாற்றிவிட்டேன். அந்தச் சூரணத்தை மாத்திரையாகப் போட ஒரு கம்பெனி முன்வந்து, நான் வேலை பார்க்கும் லேப்புக்கே பரிசோதனைக்கு அனுப்பியிருந்தது. தினமும் எலிகளுக்கு அதைக் கொடுத்து எடை போட்டு எழுதுவது என் வேலை. நம்ம வாலாஜாபாத் வைத்தியர் மருந்து லேப்புக்கே வந்துவிட்டது என்று அம்மாவுக்குப் பெருமை, கோயிலில் எல்லோரிடமும் சொன்னாள். இரண்டு மாதத்தில் எலிகள் மெலிந்து இரண்டு செத்தன. அறுத்துப் பார்த்த லேப் மேடம், கிட்னி வெளுத்துப்போயிருக்கிறது, ரிப்போர்ட் வரும்வரை வெளியில் மூச்சு விடக் கூடாது என்றார். வேலைக்குச் சேரும்போதே அப்படிக் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். அதிகம் கொடுத்த எலிகள்தானே, மனுஷர் அவ்வளவு சாப்பிடுவதில்லையே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு பதினோரு நாள் வாய் திறக்கவில்லை. அம்மா தினமும் என் எதிரில்தான் தேனில் குழைத்துச் சாப்பிட்டாள். குறைவாகக் கொடுத்த எலியும் செத்த அன்றுதான் சொன்னேன். அதற்குள் அவள் கால் வீங்கியிருந்தது. "எலிக்கு இன்னா ஆச்சுன்னு தெனம் எழுதிக்கினு இருந்தீங்களே, என் காலு உங்க கண்ணுல படலியா" என்று கேட்டாள். செங்கல்பட்டுப் பெரியாஸ்பத்திரியில் வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் என்று சொல்லிவிட்டார்கள்.

திங்கட்கிழமை வாலாஜாபாத் போய், வைத்தியர் சுப்பிரமணி வீட்டில் மருந்துக்குக் காத்திருந்த ஆறேழு பேர் எதிரிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். தாயாரம்மாள் என்று ஒரு பெண், "இத்த துன்னுதான் நானு எழுந்து நடக்குறேன், நீ யாருய்யா" என்று பொட்டலத்தை மடியில் கட்டிக்கொண்டு போய்விட்டாள். வைத்தியர் கோபப்படவில்லை. "நானே எட்டு வருசமா இதத்தான் சாப்புடறேன்" என்றார். பிறகு வேட்டியை முழங்கால் வரை தூக்கி, "இது வீக்கமா பாருங்க" என்று காலை நீட்டினார். விரலால் அழுத்திப் பார்த்தேன், விழுந்த பள்ளம் அப்படியே நின்றது.

நான் போய்ச் சொன்னது லேப்புக்குத் தெரிந்து, வியாழக்கிழமை முதல் வர வேண்டாம் என்றுவிட்டார்கள். செவ்வாயும் வெள்ளியும் அம்மாவோடு ஆஸ்பத்திரிக்குப் போய் உட்கார எனக்கு இனி நேரம் இருக்கிறது. நீ அவளிடம் பேசும்போது எனக்காகப் பரிந்து பேசாதே, அவள் கோபம் நியாயம்தான். கொஞ்சமாவது அதைச் சாப்பிட்டிருந்தால் மறக்காமல் ரத்தம் டெஸ்ட் பண்ணி, என்ன வந்தாலும் மறைக்காமல் எழுது. சேசுவும் மாதாவும் உன்னைக் கைவிடாமல் காக்கட்டும்.

உன் அப்பா
யாக்கோபு