புஷ்பத்தின் விசிறி பொய் சொல்லவில்லை

புஷ்பம், கோபத்தைக் கொஞ்சம் இறக்கி வைத்துவிட்டு இந்தக் கடிதத்தின் பக்கத்தில் வந்து உட்கார். ஒரு கதை சொல்கிறேன், சின்னக் கதைதான்.

பட்டம் விடுவதற்காக ஒரு மதினியும் நாத்தனாரும் ஆளுக்கொரு காற்றுமானி வாங்கினார்கள். மதினியுடையதில் மூன்று கிண்ணங்கள் சுற்றும். நாத்தனாருடையதில் குட்டி விசிறி. நேற்று சுந்தரபாண்டியபுரம் வயலில் கிண்ணம் மணிக்கு இருபது கிலோமீட்டர் காட்டியது, விசிறி ஒன்பது. "ஒம்பதுதான் மைனி, பெரிய பட்டத்தையே விடலாம்" என்றாள் நாத்தனார். விட்டார்கள். நூல் அறுந்து பட்டம் சூரியகாந்திக்குள் போனது. "ஒன் விசிறி பொம்மைக் கடைக்குத்தாம்ட்டி லாயக்கு" என்று சொன்ன மதினி, அதைத் திருப்பி அனுப்பவும் போனில் பதிந்துவிட்டாள்.

இன்று காலை மாடியில் இரண்டையும் சேர்த்துப் பிடித்தேன். இரண்டிலும் பதினெட்டு! நேற்று சாரலுக்குப் பயந்து நீ விசிறியை முந்தானையால் மூடியிருந்தாய். அப்புறம் காற்று எப்படி நுழையும்? "நனைஞ்சிராமெ மூடிப் பிடிட்டி" என்று சொன்னவளும் நான்தான்.

பதினோரு மணிக்குக் கூரியர்காரர் வருவார். விசிறியைக் கொடுத்துவிடாதே. "எங்க மைனிக்குப் புத்தி வந்துட்டு அண்ணாச்சி" என்று சொல்லி அனுப்பு.

இட்லி ஹாட்பாக்ஸில் இருக்கிறது. நேற்றுப் போலப் பட்டினி கிடக்காதே. நூல் வாங்கத் தென்காசிக்குப் போகிறேன். மூன்று மணிக்கு வயலுக்கு வா, நீ வராமல் பட்டத்தை ஏற்ற மாட்டேன்.

உன் மைனி

காகிதத்தின் அடியில் இன்னும் இடம் இருக்கிறது: சாவியை எதிர்வீட்டு அனுசியாவிடம் கொடு. மாடிக் கதவைச் சாத்து. நீ இருக்கிற வீட்டில் சோறும் சிரிப்பும் குறையாமல் இருக்கட்டும், தாயே. அங்கேதான் நானும் இருக்கிறேன்.