மாமாவின் காருக்கு நிறம்

கர்க்கடகம் 5, திங்கள்

இல்லை, வெள்ளை அல்ல. வெள்ளையாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

காலையிலிருந்து மழை; மலையாள நாட்டு ஆடி இப்படித்தான். பூசியது எதுவும் காயவில்லை. சனிக்கிழமை ஸ்டூடியோவில் வண்ணம் பூசி முடித்த கறுப்பு வெள்ளைக் கல்யாணப் படத்தில் மணப்பெண்ணின் கன்னம் இன்னும் விரலில் ஒட்டுகிறது.

புது வேலை: பழைய மோட்டார் காரின் படம். கார் ஸ்ரீவராகத்தில் எங்கள் தெருவிலிருக்கும் சுந்தரமையர் மாமாவுடையது. மாமா ரிட்டயரான ஓவர்சியர். காரை விற்று வெகுகாலம். அடுத்த வாரம் அவருக்கு சஷ்டியப்தபூர்த்தி. மூத்த பிள்ளை ராமு, அப்பா அம்மா இருவருக்கும் தெரியாமல், படத்தைப் பெரிதாக்கி வண்ணம் பூசித் தரக் கேட்டிருக்கிறார். கார் வாங்கிய அன்று கோயில் வாசலில் பூஜை போட்டு எடுத்த படம். பானெட்டில் மாலை. பக்கத்தில் மாமா. மாமி, ஒரு கை கதவில்.

ராமு கிளம்பும்போது: "கார் வெள்ளை. மறந்துடாதே."

ஸ்டூடியோ முதலாளி சாக்கோ சார் ஒரு படத்தை முழுக்க என்னிடம் விடுவது இதுதான் முதல்முறை. ராமுவுக்குப் பிடித்தால் வண்ண மேஜை எனக்கு. பிடிக்காவிட்டால் பழையபடி நெகட்டிவில் தூசிப் புள்ளி அடைத்துக்கொண்டிருக்க வேண்டியது.

எனக்குப் பயமில்லை. கை சரியாக இருக்கிறது. கண்ணும்.

செவ்வாய்

மழை. பூதக்கண்ணாடியோடு படத்தின் மேல்.

மாமியின் நெற்றிக் குங்குமம்: கறுப்பு.
ஆகாயம்: வெறும் வெள்ளை.
மாமாவின் வேஷ்டி: பளீர்.
கார்: வேஷ்டியைவிட ஒரு மாற்றுக் குறைவு.
மாமியின் புடவை: அச்சாகக் கார் மாதிரியே.

அந்தக் காலத்துக் கண்ணாடி நெகட்டிவ் பிளேட் சிவப்பைக் கறுப்பாக்கும், நீலத்தை வெளுக்கும். தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். முகத்துக்கும் உதட்டுக்கும் பூசும்போது நினைவு வைத்துக்கொள்வார்கள். காருக்கு யார் யோசிக்கிறார்கள்.

சாயங்காலம் மாமி வீடு. பேச்சை நானே வளைத்தேன்.

"அந்த நாள் கார் என்ன நிறம் மாமி?"

"வெள்ளைடி. கூடத்துல மாட்டியிருக்கே, போய்ப் பாரேன். பி.ஏ. படிச்சுக் கண்ணு போயிடுத்தா?"

"படத்துல நீங்க கட்டிண்டிருக்கிற புடவை?"

"அது ஆகாச நீலம். எங்கம்மா திருநெல்வேலியிலேர்ந்து அனுப்பினது. கிழிஞ்சு இப்போ தலகாணி உறை. அதோ, மாமா கட்டில்ல."

தொட்டுப் பார்த்தேன். துவைத்துத் துவைத்தும் நீலம். நிமிர்ந்தால் சுவரில் அதே புடவை, காரின் அதே சாயலில், வெள்ளையாக.

புடவை கைக்குக் கிடைக்கிறது, அதனால் நீலம். கார் சுவரில் மட்டும் இருக்கிறது, அதனால் வெள்ளை. தெருவே காரை மறந்து படத்தை ஞாபகம் வைத்திருக்கிறது. கல்லூரியில் என்றால் இதை ஒரு கட்டுரையாக எழுதியிருப்பேன். இப்போது பூசினால் போதும்.

புதன்

பூசியாயிற்று. தீக்குச்சி முனையில் பஞ்சு, துளி நீலம், வட்டமாகத் தேய்த்துப் பிறகு துடைத்து எடுப்பது. கதவு, பானெட். சக்கரங்கள் பாக்கி. தேய்க்கத் தேய்க்கக் கார் சுவரிலிருந்து இறங்கி நின்றது. வேறு மாதிரிச் சொல்லத் தெரியவில்லை.

அம்மா என் நகத்தைப் பார்த்து: "அந்தக் கையோட அடுப்பங்கரைக்கு வராதே." நல்லதாகப் போயிற்று. இரண்டு அத்தியாயம் படித்தேன்.

வியாழன்

ராமு பார்க்க வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இது யார் காரு?"

விளக்கினேன். பிளேட், குங்குமம், புடவை. பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு: "நான் அந்தக் கார்ல ஏறினவன். வெள்ளை. ஊரே வந்து பார்க்கிற அன்னிக்கு அப்பாவைச் சிரிக்க வைக்காதே."

அவருக்கு அப்போது ஐந்து வயதுகூட இருக்காது.

அவர் போனதும் சாக்கோ சார்: "கஸ்டமர் வெள்ளைன்னு பறஞ்சா வெள்ளை. காருக்கு நிறம் அடிக்க லாஜிக் வேண்டா, பி.ஏ.க்காரி. சனியாழ்ச்சைக்குள்ளே மாத்து. இல்லேன்னா வேற ஆளு மாத்தும்."

"சார், நிறம் சரி."

"சரியா இருக்கட்டும். விக்கணுமே."

நீலத்தைத் துடைக்க டர்ப்பன்டைன் பஞ்சை எடுத்தேன். வைத்துவிட்டேன். தப்பென்று தெரிந்து ஒரு நிறத்தைப் பூசினால் அப்புறம் எந்தப் படத்திலும் என் கண்ணை நான் நம்ப முடியாது. மேஜை கிடைத்து என்ன பயன்.

வெள்ளி

மழை விட்டிருந்தது. ஈரம் காயாத படத்தை, பூசிய பக்கம் எதிலும் படாமல் அட்டைப் பெட்டியில் வைத்துக் கிழக்கேகோட்டைக்கு நடந்தேன். மாமா தினம் சாயங்காலம் அங்கே கோயிலுக்கு வருவார். குளத்துப் படியருகே பிடித்தேன். ராமுவின் ரகசியத்தை உடைக்கிறேன் என்று தெரிந்துதான்.

பெட்டியைத் திறந்து காட்டினேன். நிறத்தைப் பற்றி நானாக ஒன்றும் கேட்கவில்லை.

மாமா பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி பார்த்தார். அவரும் வெள்ளை என்றால்? பயமில்லை என்று திங்களன்று எழுதியதை அந்த ஒரு நிமிஷத்துக்கு அடித்துவிடலாம்.

"மாடு முட்டித்து," என்றார்.

"எங்கே மாமா?"

"நம்ம தெருவுலதான். இந்தக் கதவுல. பெயிண்ட் பேந்து போச்சு. இந்த நீலம் இங்கே எந்தக் கடையிலயும் இல்லே. மதராஸுக்கு எழுதி டப்பா வரவழைச்சேன். நானே குந்திண்டு பூசினேன், திட்டாப் போச்சு." சிரித்தார். "நானும் வெள்ளைன்னே சொல்லிண்டிருந்திருக்கேன் பாரு, இத்தனை நாளா."

எல்லாவற்றையும் சொன்னேன். ராமு, பரிசு, சனிக்கிழமை.

"அப்போ நான் இதைப் பாக்கலே. நீயும் காட்டலே. மூடு." இரண்டு படி இறங்கித் திரும்பினார். "அவன் சின்ன வயசிலேர்ந்தே பிடிவாதம், கொழந்தே. நான் பாத்துக்கறேன்."

சனி

லேசான தூறல். கடை திறந்ததும் ராமு.

"அப்பா நேத்து ராத்திரி சாப்பிடறச்சே தானாவே ஆரம்பிச்சார். மாடு, மதராஸ், நீல டப்பா. அம்மா சண்டைக்குப் போனா, வெள்ளைதான்னு. அப்பா விட்டுக்கொடுக்கலே." தலையைத் தடவிக்கொண்டார். "அவருக்குப் படம் பத்தி ஒண்ணும் தெரியாது, பாவம். நீ எப்படிக் கண்டுபிடிச்சே?"

"படத்துலயே இருந்தது."

பொய்யில்லை.

சாக்கோ சார் என்னைப் பார்த்தார், ராமுவைப் பார்த்தார், நீலக் காரைப் பார்த்தார். "மேஜை நீ எடுத்தோ மோளே. ஜன்னல் பக்கம் போட்டோ, அங்கே வெளிச்சம் உண்டு."

மேஜையை இழுத்துப் போட்டேன். டயருக்குச் சாம்பல் நிறம் கலந்து, முன் சக்கரத்திலிருந்து ஆரம்பித்தேன்.