செல்லியின் கொட்டாங்குச்சி

எனக்கு ஜடை பின்னிப் பள்ளிக்கூடம் அனுப்பிய என் அக்காவுக்கு,

நீ போன பிறகு தலைமையாசிரியர் பொறுப்பை என்னிடம்தான் கொடுத்திருக்கிறார்கள். உன் நாற்காலியில் உட்காரப் பிடிக்காமல் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டுக்கொண்டேன். வெள்ளிக்கிழமை உன் படத்திறப்பு. எல்லாப் பிள்ளைகளையும் ஒன்றாக உட்காரவைத்த புண்ணியவதி என்று உன்னைப் பற்றி என்னைப் பேசச் சொல்கிறார்கள். எப்படிக்கா பேசுவேன்? வாய் வருமா எனக்கு?

செல்லியை நினைவிருக்கிறதா? கல்வராயன் மலையிலிருந்து கரும்பு வெட்ட இறங்கிவந்த குடும்பத்துப் பெண். எதையும் மெதுவாகத்தான் புரிந்துகொள்வாள். பாடம் நடக்கும்போதே எழுந்துபோய் அடுத்த பிள்ளையின் பலப்பத்தைப் பிடுங்குவாள். அடித்துத் திருத்த மாட்டேன் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். வகுப்பில் ஆளுக்கொரு கொட்டாங்குச்சி, ஒரு கை புளியங்கொட்டை கொடுத்தேன். சும்மா எழுந்துவிட்டோம் என்று தனக்கே தோன்றினால், தானே ஒரு கொட்டையைப் போட வேண்டும். அதை வைத்து யாரும் யாரையும் கேள்வி கேட்கக் கூடாது, நான் உட்பட.

முதலில் அவளுடையது காலியாகவே கிடந்தது. எழுந்ததே அவளுக்குத் தெரியாது. அப்புறம் தெரிய ஆரம்பித்தது. பாதி வழியில் நின்று, நாக்கைக் கடித்துக்கொண்டு, திரும்பி வந்து போடுவாள். கொட்டாங்குச்சி நிறைந்தால் அவள் தேறுகிறாள் என்று அர்த்தம். இதை உன்னிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன்!

இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தில் மரத்தை வெட்டி ரோட்டில் போட்டார்களே, அப்போது ஒரு வேலையாக நைனார்பாளையம் போன நான் பஸ் ஓடாமல் அங்கேயே மாட்டிக்கொண்டேன். வகுப்பை நீ பார்த்துக்கொள்கிறாய் என்று நிம்மதியாக இருந்தேன். வேறு யாராவது என்றால் பயந்திருப்பேன். திரும்பி வந்தால் செல்லி இல்லை. மற்ற பிள்ளைகளைப் பெற்றவர்கள் வந்து சத்தம் போட்டார்களாம். நீ எல்லாக் கொட்டாங்குச்சிகளையும் மேசைமேல் வைத்துக் காட்டினாயாம். அவளுடையதுதான் நிரம்பி வழிந்ததாம். அதையே சாட்சியாகச் சொல்லி அவளைப் பள்ளிக்கூடத்தை விட்டு அனுப்பிவிட்டாயாம்.

"அதுவே ஒத்துக்கிச்சிடி. நான் இன்னா பண்றது?" என்றாய்.

அவள் அம்மா கரும்புக்காட்டிலிருந்து நேராக என்னிடம் வந்தாள். "நீங்க சொன்னீங்கன்னுதானே டீச்சர் அது போட்டுக்கினு இருந்துச்சு?" என்று கேட்டாள். வெளியே ஊரே தனக்கு இடம் கேட்டு ரோட்டில் நின்றது. உள்ளே நீ ஒரு குழந்தையின் இடத்தைப் பறித்துவிட்டாய். கூடப்பிறந்தவளே கழுத்தறுத்தாயே! அதற்கப்புறம் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. நீயும் போய்ச் சேர்ந்துவிட்டாய். சண்டை போடக்கூட ஆள் இல்லை எனக்கு.

நேற்று செல்லியைத் தேடி மலைக்குப் போனேன். கொஞ்சம் வளர்ந்திருக்கிறாள். வாசலில் ஓடி விளையாடிக்கொண்டிருந்தவள் என்னைப் பார்த்ததும் சட்டென்று நின்று கையைக் கட்டிக்கொண்டாள். மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்: "நான் எந்திரிக்கவே இல்ல டீச்சர்."

பொய்யே தெரியாத பிள்ளைக்குப் பொய் கற்றுக்கொடுத்துவிட்டாயே, அக்கா.

திங்கட்கிழமை அவளை அழைத்து வருகிறேன். யார் வந்து சத்தம் போட்டாலும் போடட்டும். படத்திறப்பில் மாலை போடுவேன், பேச மாட்டேன். ஆனால் செல்லியிடம் பேசுவேன். நீ கொட்டை போட்டதெல்லாம் சரிதான் கண்ணு, தப்புப் பண்ணினது எங்க அக்கா என்று சொல்வேன்.

இன்னமும் உன்மேல் கோபம் தீராத,
உன் தங்கச்சி ராஜம்