மன்னாரில் அளந்த நெல்

இன்று காலை கொள்முதல் நிலையத்தில் நம் மூன்று மா நிலத்து நெல்லையும் கொட்டினேன், அண்ணே. குவியலிலிருந்து கிளம்பிய ஈரப் புழுக்கம் மூக்கில் ஏறியது. இத்தனை வருஷமாகியும் புது நெல் வாசனை என்றால் எனக்கு உன் சாவுதான்.

புது ஆட்சி வந்து, கூலியில் அரை மரக்கால் நெல் கூட்டித் தரவேண்டும் என்று உத்தரவும் வந்த அறுவடை அது. பண்ணையின் காரியக்காரர் உத்தரவுக்குப் பணிந்தவர்போலக் களத்தில் அளந்தார். ஆனால் மரக்காலின் விளிம்பைப் பிடிக்கிற சாக்கில் இடது கையின் நாலு விரலையும் உள்ளே விட்டுக்கொண்டார். கூட்டிக் கொடுத்ததை விரலாலேயே திரும்ப எடுத்துக்கொள்கிற ஆள். எல்லோரும் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தோம். நீதான் போய் அவர் மணிக்கட்டைப் பிடித்தாய்.

"கைய எடுத்துட்டு அளங்க."

களமே சிரித்துவிட்டது. நானும்தான் சிரித்தேன். ஐந்தாம் நாள், அறுப்புக்கு வந்த பெண்களின் கண்ணெதிரே, வாய்க்கால் கரையில் உன்னை வெட்டிப் போட்டுவிட்டு, கோடியக்கரையில் வள்ளம் ஏறி அவர் இலங்கைக்கு ஓடிவிட்டார்.

மூன்று வருஷம் கழித்து, மன்னாரில் ஒரு நெல் ஆலையில் அவர் ஜாடையில் ஒருவர் இருப்பதாக அந்த நாட்டுப் போலீஸ் தகவல் அனுப்பியது. காகிதம் கொழும்பு, டில்லி, மெட்ராஸ் என்று சுற்றி நாகப்பட்டினம் வந்து சேர்ந்தது. அடையாளம் காட்ட ஆள் வேண்டும். பண்ணைக்குப் பயந்து ஊரில் ஒருவரும் அசையவில்லை. நான் இன்ஸ்பெக்டரோடு ராமேஸ்வரத்தில் கப்பல் ஏறினேன்.

மன்னார் ஸ்டேஷனில் என்னை ஜன்னலுக்கு வெளியே நிறுத்தி ஆளைக் காட்டினார்கள். தாடி, பாதியாய் இளைத்த உடம்பு, வேறு பெயர். பிறந்ததே மன்னார் என்று அந்த ஊர்த் தமிழிலேயே சாதித்தார். எனக்கே சந்தேகம் தட்டிவிட்டது. நான் உறுதியாகச் சொல்லாவிட்டால் அன்றைக்கே விட்டுவிடுவார்கள். அந்த ஊர் அதிகாரி நிதானமானவர். "வடிவாப் பாத்துச் சொல்லுங்கோ தங்கச்சி. பிழையான ஆளை நாங்கள் அனுப்பேலாது" என்றார்.

ஆலையில் இவருக்கு என்ன வேலை என்று கேட்டேன். நெல் அளக்கிற வேலையாம். அப்படியானால் அளந்து காட்டச் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். ஆலையிலிருந்து மூட்டையும் மரக்காலும் வந்தன. முதல் இரண்டையும் ஒழுங்காக அளந்தார். மூன்றாவதில் நாலு விரலும் உள்ளே போயின. அங்கே அவர் யாரையும் ஏமாற்ற வேண்டியதில்லை. கைக்குத்தான் புத்தி மாறவில்லை. நான் உள்ளே போய் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றேன்.

"கைய எடுத்துட்டு அளங்க."

சூடு பட்டதுபோல் கையை இழுத்துக்கொண்டு திரும்பினார். "நீ எங்கடி இங்க வந்தே?" என்றார். மன்னார்த் தமிழ் போன இடம் தெரியவில்லை. அதிகாரி நோட்டை மூடினார்.

இரண்டு அரசாங்கமும் கையெழுத்துப் போட்டு முடிக்கப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. திரும்பும் கப்பலில் அவர் விலங்கோடு என் எதிரே உட்கார்ந்திருந்தார். வெயிலில் நாக்கு வறண்டு, என் கூஜாவைப் பார்த்துக் கொஞ்சம் தண்ணீர் கேட்டார். டம்ளர் பையில் இருந்தது. நான் எடுக்கவில்லை. எழுந்து நின்று, "கையக் குவிச்சுப் புடிங்க" என்றேன். பண்ணை வாசலில் நமக்கு ஊற்றுவார்களே, அதே உயரத்திலிருந்து ஊற்றினேன். பாதி அவர் மடியில் சிந்தியது. குனிந்து குடித்தார். எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷம் என் கல்யாணத்தன்றுகூட இல்லை.

ஆயுள் தண்டனை முடிந்து, கிழவராக வெளியே வந்து, செத்தும் போனார். இனியாவது மன்னித்துவிடு என்கிறார்கள் என் பிள்ளைகள். உன் போட்டோகூட நம்மிடம் ஒன்றும் கிடையாது. உன்னுடையது என்று எனக்கு மிஞ்சியது இந்தக் கோபம்தான். இதையும் விட்டுவிட்டால் நீ எங்கே இருப்பாய், அண்ணே?