விடைக்குறிப்பில் இல்லாத மைனஸ் ஆறு

பிப்ரவரி 3
திருப்புதல் தேர்வு விடைத்தாள் திருத்தும் வேலை தொடங்கியது. கணக்குக்குக் கேள்வித்தாளும் விடைக்குறிப்பும் நான் தயாரித்தவை. கூடத் திருத்துவது யார்? என் ஓரகத்தி. வீட்டில்தான் அவள் முகத்தில் விழிக்கிறேன் என்றால் இங்கேயும் எதிர் நாற்காலி.

பிப்ரவரி 5
பதினான்காம் கேள்வி: 3, x, 12 ஒரு பெருக்குத் தொடர்வரிசை எனில் x என்ன? விடை 6. மூன்றை இரண்டால் பெருக்கினால் ஆறு, ஆறை இரண்டால் பெருக்கினால் பன்னிரண்டு. ஒரு மாணவி −6 என்று எழுதியிருக்கிறாள். எதிர் நாற்காலி மகாராணி அதற்கு இரண்டு மதிப்பெண்ணும் போட்டிருக்கிறாள். கேட்டேன். "அதுவும் சரிதானேக்கா" என்றாள், தலையை நிமிர்த்தாமல். பதினெட்டு வருஷமாகப் பாடம் நடத்துகிறவள் நான். நேற்று வந்தவள் எனக்குச் சொல்லித்தருகிறாள். சிவப்புப் பேனாவால் அடித்துவிட்டேன். மொத்தம் 36 இருந்தது 34 ஆனது. 35 இல்லாவிட்டால் அந்தப் பெண் இறுதித் தேர்வு எழுத முடியாது. அதற்கு நானா பொறுப்பு?

பிப்ரவரி 6
தலைமையாசிரியர் என் பக்கம். "சீனியர் சொல்றதக் கேளுங்கம்மா" என்று எல்லார் முன்னாலும் அவளிடம் சொன்னார். வயிறு குளிர்ந்தது.

பிப்ரவரி 7
வீட்டில் ஓரகத்தி பாத்திரங்களை நங்கென்று வைக்கிறாள். நானும் வைக்கிறேன்.

பிப்ரவரி 8
அவள் செய்தது தப்பு என்று எழுத்தில் தரச் சொன்னார் தலைமையாசிரியர். ஆசையோடு உட்கார்ந்தேன். நடு உறுப்பின் வர்க்கம், மற்ற இரண்டின் பெருக்கம். x² = 36. அப்புறம் — கை நின்றுவிட்டது. பொது விகிதம் −2 என்றால்? மூன்றை −2-ஆல் பெருக்கினால் −6. அதை மறுபடி −2-ஆல் பெருக்கினால் 12. திரும்பப் போட்டேன். சனியன், பன்னண்டுதான் வருது.
வகுப்பில் எப்போதும் 6 என்று எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவேன். இத்தனை வருஷத்துல எத்தனை பேருக்கு அடிச்சிருப்பேன்? அவ முன்னால போய் எப்படிச் சொல்றது? சொல்லாமலே விட்டுட்டா — அந்தப் பொண்ணு?

பிப்ரவரி 10
"என் விடைக்குறிப்புதான் தப்பு சார்" என்றேன். ஓரகத்தி பக்கத்திலேயே நின்றாள். 36 என்று திருத்திக் கையெழுத்துப் போட்டேன். அந்தப் பெண் தேர்வு எழுதலாம். இவள் பாட்டுக்கு அடுத்த விடைத்தாளை எடுத்துக்கொண்டாள். அழுத்தக்காரி. வீட்டுக்குப் போய் வைத்துக்கொள்வாள்.

பிப்ரவரி 11
சாப்பிடும்போது மாமியார் கேட்டார்: "ஸ்கூல்ல என்னமோ தகராறாமே?"
பதிலுக்குத் தயாராக இருந்தேன்.
"ஒண்ணுமில்லத்தை" என்றாள் ஓரகத்தி. "விடைக்குறிப்புல ஒரு தப்பு இருந்துச்சு. அக்காதான் கண்டுபிடிச்சாங்க."
போட்டுக்கொடுத்திருந்தால் நிம்மதியாகச் சண்டை போட்டிருப்பேன். இப்போது இவளை என்ன செய்வது?