மஞ்சள் துணி கட்டிய தூக்கு

நெய்வேலி,
வெள்ளி இரவு

அன்புள்ள அகிலா அத்தைக்கு,

சண்மு எழுதுகிறேன். அங்கே குளிர் அதிகமா? மூச்சிரைப்புக்கு மருந்து கிடைக்கிறதா? அப்பா மூன்றாவது ஷிப்டுக்குப் போயிருக்கிறார். அம்மா தூங்கிவிட்டார்கள். நான் குளியலறையில் விளக்கைப் போட்டுக்கொண்டு வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்திருக்கிறேன். நாளை டியூஷனுக்கு வடலூர் போகும்போது இதை அங்கே தபாலில் போடுவேன். இங்கே தபால் ஆபீஸில் எல்லோருக்கும் அப்பாவைத் தெரியும்.

வீட்டில் இப்போது உங்கள் பெயரைச் சொல்வதில்லை. ஊரை மிரட்டித் திரியும் சேனைக்காரர்கள் வந்து உங்களைப் பற்றிக் கேட்டபோது, தனக்குத் தங்கையே கிடையாது என்று அப்பா சொல்லிவிட்டார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. சுவரில் இருந்த உங்கள் படத்தை எடுத்து, பீரோவில் என் பிறப்புச் சான்றிதழுக்கு அடியில் வைத்திருக்கிறார். எரிக்கவில்லை அத்தை.

நீங்கள் வெளிநாட்டுப் பத்திரிகையில் எழுதியதை என் பெஞ்சில் இருக்கும் சங்கீதாவின் போனில் படித்தேன். வடநாட்டுக் கூலிக்காரர்களை விரட்டச் சேனைக்காரர்கள் கட்டையோடு வந்தது, அவர்கள் தங்கியிருந்த ஷெட் வாசலை மறித்து நின்ற நம் ஊர்ச் செங்குட்டுவன் அண்ணனை அடித்தே கொன்றது, கடைசியில் அது பைக் விபத்து என்று ஆனது, எல்லாம் இருந்தது. கண்ணால் பார்த்துச் சொன்ன பெண்ணின் பெயரையும் ஊரையும் மாற்றியிருந்தீர்கள். ஆனால் அவர் கையில் மஞ்சள் சேலைக் கிழிசல் கட்டிய சோற்றுத் தூக்கு இருந்தது என்று எழுதிவிட்டீர்கள்.

இங்கே காண்ட்ராக்டில் பெருக்க வரும் பெண்கள் எல்லோரும் ஒரே மாதிரித் தூக்கைத்தான் வேலிக் கம்பியில் மாட்டுவார்கள். மாறிப்போகாமல் இருக்க ஆளுக்கொரு நிறத்தில் துணி கட்டுவார்கள். மஞ்சள், எங்கள் பள்ளிக்கூடம் பெருக்கும் தனகோட்டி அக்காவுடையது. படித்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. பெருமையாக இருந்தது அத்தை. எழுதியது எங்கள் அத்தை, பார்த்தது நம் தனகோட்டி அக்கா என்று சங்கீதாவிடம் சொல்லிவிட்டேன். அவள் அண்ணன் விஜயராஜ் சேனையில் இருப்பது எனக்குத் தெரியும். சொல்லும்போது ஞாபகம் வரவில்லை.

மூன்றாம் நாள் அந்தத் தூக்கு வேலிக்கு அடியில் நசுங்கிக் கிடந்தது. மறுவாரம் அக்காவை வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இருட்டினால் அவர் வீட்டு ஓட்டில் கல் விழுகிறதாம்.

போன ஞாயிற்றுக்கிழமை யாருக்கும் சொல்லாமல் சைக்கிளில் அக்காவின் ஊர் வடக்குத்துக்குப் போனேன். பத்திரிகையில் கடைசியில் போட்டிருந்தபடி நீங்கள் இதைப் புத்தகமாகப் போடப்போவதையும், அவர் சொன்னதை எடுத்துவிடும்படி உங்களுக்கு எழுதப்போவதையும் சொன்னேன். அக்கா முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"எடுக்கச் சொல்லாத பாப்பா. எம்பேர மறைச்சி இனிமே என்ன ஆவப்போவுது? அவனுங்களுக்குத் தெரிஞ்சிபோச்சி, ஊருக்குத்தான் தெரியல. உங்க அத்தைய எம்பேரையே போடச் சொல்லு. நாளைக்கி நான் இல்லன்னா, யாரு இல்லன்னாவது தெரியட்டும்."

கிளம்பும்போது வறுத்த வேர்க்கடலையைக் காகிதத்தில் கட்டி என் பையில் வைத்தார். நான்தான் காட்டிக்கொடுத்தேன் என்று அவருக்குத் தெரியாது. சொல்லாமலே வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அந்தப் பொட்டலம் பையிலேயே இருக்கிறது, பிரிக்கவில்லை.

அத்தை, நீங்கள் இங்கே வந்துவிடாதீர்கள். அப்பா தூக்கத்தில் 'அகிலா' என்று கூப்பிடுகிறார், ஆனாலும் வராதீர்கள். எழுதுவதை மட்டும் நிறுத்தவேண்டாம். மருந்தை வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

புத்தகத்தில் அக்காவின் பெயரையும் ஊரையும் உள்ளபடியே போடுங்கள். அவரைப் பற்றி வெளியே சொன்னது யார் என்று எழுதவேண்டி வந்தால், அங்கேயும் பெயரை மாற்றாதீர்கள். அதற்குப் பிறகும் என்னை நீங்கள் சண்மு என்று கூப்பிடுவீர்களா என்று மட்டும் ஒரு வரி எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் கருணாகரனின் மகள்
க. சண்முகப்பிரியா,
பத்தாம் வகுப்பு